கசப்புக் கொடியும் மடத்து வாயிலும்

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆகஸ்டு மாதம் முழுவதும் ஜெர்மனியின் பவேரிய மாநிலத்தில் ஒரு கிராமப் பங்கில் பணியாற்றும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அங்குள்ள பங்குத்தந்தையர் ஓய்வுக்குச் செல்லும் நாள்களில், அவர்களுக்குப் பதிலாகத் திருப்பலி நிறைவேற்றவும், நோயாளரைச் சந்திக்கவும், அடக்கச் சடங்குகளை நடத்தவும் நம் நாட்டுக் குருக்கள் பலர் இவ்வாறு செல்வதுண்டு. மூனிக் நகரிலிருந்து வடக்கே வண்டி சென்றுகொண்டிருந்தபோது, சாலையின் இருபுறமும் ஏழு மீட்டர் உயரத்துக்குக் கம்பங்கள் நட்டு, கம்பி இழுத்துக் கட்டி, பச்சைக் கொடிகளை ஏற்றிவிட்டிருப்பதைக் கண்டேன். வெற்றிலைக் கொடிக்கால் என்றே முதலில் எண்ணிவிட்டேன். என் அரைகுறை ஜெர்மன் மொழியில் அதைச் சொல்ல முயன்றபோது வண்டியோட்டிய பெரியவர் சிரித்தார். அவர் அப்பங்கின் கோயிற்பிள்ளை. தச்சுத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றவர். "ஹாப்" என்றார். ஹல்லர்தாவ் எனப்படும் அந்த நிலப்பகுதிதான் உலகிலேயே தொடர்ச்சியாக ஹாப் பயிராகும் மிகப் பெரிய பரப்பு என்பதைப் பின்னர் அறிந்துகொண்டேன்.

பங்கு இல்லத்தின் பின்சுவரிலும் இரண்டு ஹாப் கொடிகள் கயிற்றைப் பற்றிக் கூரைவரை ஏறியிருந்தன. நம் மக்கள் வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்குப் புறப்பட்டுச் செல்லும் அதே நாள்களில் அவை காய்த்துக் கனத்துத் தொங்கின. ஒரு நாள் காலைத் திருப்பலி முடிந்து திருவுடைகளைக் களைந்துகொண்டிருந்த என்னிடம் அப்பெரியவர் வந்து, "ஹெர் பாரர், இன்று ஒரு மணி நேரம் கைகொடுக்க முடியுமா? நாளைக்கு ஆகாது" என்றார். நாம் 'சாமி' என்று அழைப்பது போல அவர்களுக்கு 'ஹெர் பாரர்'. ஏணியில் ஏறிக் கொடியை அறுத்துக் கீழே இறக்கினார். தோட்டத்து மேசையைச் சுற்றி அமர்ந்து, பச்சைக் கூம்புகளை ஒவ்வொன்றாகக் கிள்ளிக் கூடையில் போட்டோம். அவருடைய வீட்டுக் கொட்டகையில் விடியற்காலையிலேயே அண்டா ஏறியிருந்தது. முளைகட்டிய வாற்கோதுமையை வெந்நீரில் ஊறவைத்து, சூடு குறையாமலும் மிஞ்சாமலும் அவருடைய துணைவியார் பார்த்துக்கொண்டிருந்தார். பறித்த பூ அன்று பிற்பகலே அண்டாவுக்குள் போக வேண்டும். அதற்காகத்தான் அந்த அவசரம்.

அன்பு வாசகர்கள் என்னைத் தவறாகக் கருதிவிட வேண்டாம். தவக்காலத்தில் மதுவிலக்கு உறுதிமொழி வாங்குபவன் நான். குடியால் கணவனை இழந்த பெண்கள் எங்கள் பங்கில் எத்தனை பேர் என்பதை அடக்கப் பதிவேடு சொல்லும். நம் மாநிலத்தில் வீட்டில் மது வடிப்பது குற்றம்; அவ்வாறே இருக்கட்டும். ஆயினும் அன்று கூம்புகளைக் கிள்ளிய என் விரல்களில் மஞ்சள் நிறமாக ஒட்டிக்கொண்ட பிசினும், ஊசியிலை மரத்தையும் எலுமிச்சைத் தோலையும் ஒருங்கே நினைவூட்டிய அந்த மணமும் ஒரு கேள்வியை எழுப்பின. ஒரு நாள்கூடக் காத்திருக்க மாட்டாத இந்தப் பூ, பீரை மாதக்கணக்கில் காத்து நிற்கச் செய்தது எப்படி? அந்தக் கேள்வியைத் தொடர்ந்து சென்றபோது, அதன் விடையில் நம் திருச்சபைக்கும் ஒரு பங்கு இருப்பதைக் கண்டேன். அப்பங்கு முழுவதும் பெருமைக்குரியதாகவும் இல்லை. முழுவதும் வெட்கத்துக்குரியதாகவும் இல்லை.

முதலில் செடியைப் பற்றிச் சிறிது. ஹாப், கஞ்சாச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் மயக்கம் தரும் பொருள் அதில் இல்லை. நிலத்தடிக் கிழங்கிலிருந்து ஆண்டுதோறும் இளவேனிலில் புதுத்தளிர் விட்டு, பற்றிய கயிற்றை வலஞ்சுழியாகச் சுற்றி ஏறும். ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. கூம்பு பெண் செடியில்தான் காய்க்கும். அக்கூம்பின் இதழ்களுக்கு அடியில் உள்ள மஞ்சள் பொடியே 'லுபுலின்'. கசப்பும் மணமும் அதற்குள் இருக்கின்றன. மகரந்தம் பட்டால் கூம்பில் விதை பிடித்துவிடும் என்பதால், ஹல்லர்தாவில் ஆண் செடிகளைக் கண்ட இடத்தில் பிடுங்கி எறிகின்றனர். பெண் செடிகள் மட்டுமே வாழும் அந்தத் தோட்டங்களைக் கோயிற்பிள்ளை எனக்குக் 'கன்னியர் மடம்' என்றே அறிமுகம் செய்தார். இங்கிலாந்தில் இத்தகைய கண்டிப்பு இருந்ததில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். அதில் ஒரு கத்தோலிக்கக் குறும்பு இருந்தது. பூப்பதற்குக் கோடையின் நீண்ட பகலும், உறங்குவதற்குக் குளிர்காலமும் இக்கொடிக்குத் தேவை. ஆகையால் நம் மண்ணில் இது செழிக்காது. இந்தியாவில் இமயத்தின் மடியிலுள்ள லாஹூல் பள்ளத்தாக்கு போன்ற இடங்களுக்கே இது ஏற்றது.

லுபுலினில் உள்ள ஆல்ஃபா அமிலங்கள் பச்சையாக நீரில் எளிதில் கரைவதில்லை. நெடுநேரம் கொதித்தால்தான் வடிவம் மாறிக் கரைந்து நன்கு கசப்பைத் தரும். அக்கசப்பு, பானத்தைப் புளிக்கவைத்துக் கெடுக்கும் பல நுண்ணுயிர்களின் வளர்ச்சியைத் தடுத்துவிடும். மணம் தரும் எண்ணெய்களோ இதற்கு நேர்மாறானவை. கொதியில் ஆவியாகி ஓடிவிடும். உலர்த்தும்போதும் ஒரு பகுதி போய்விடும். காக்கும் கசப்புக்கு நெடுநேரக் கொதி வேண்டும். மணத்துக்கோ அவசரம் வேண்டும். இந்த முரண்பாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு வரலாற்றுக்குள் செல்வோம்.

ஹாப்பையும் பீரையும் இணைத்துப் பேசும் மிகப் பழைய ஆவணங்களுள் ஒன்று, ஒரு மடத்தின் நிர்வாக ஒழுங்குநூல். பிரான்சின் வடக்கே, சோம் ஆற்றங்கரையில் உள்ள கோர்பி மடத்தின் தலைவர் அதலார்து 822-ஆம் ஆண்டில் அதனை எழுதினார். பேரரசர் சார்லமேனின் உறவினரான அவர், அரசவையைத் துறந்து துறவியானவர். திருச்சபை அவரைப் புனிதராக வணங்குகின்றது. அவ்வொழுங்குநூலில் வானளாவிய இறையியல் ஒன்றுமில்லை. எத்தனை ரொட்டி, எத்தனை விறகு, யாருக்கு எவ்வளவு என்பன போன்ற கணக்குகளே. அவற்றினிடையே ஹாப் வருகின்றது. மடத்துக்கு வந்து சேரும் ஹாப்பில் பத்தில் ஒரு பங்கை வாயிற்காவலரிடம் கொடுக்க வேண்டும். அது போதாவிட்டால், தம் பீருக்குத் தேவையான அளவை அவர் வேறு வழியில் தேடிக்கொள்ளலாம். மாவரைக்கும் பணியாளர்களுக்கு மற்றொரு சலுகை: ஹாப் சேகரிக்கும் வேலையும் வாற்கோதுமையை முளைகட்டும் வேலையும் அவர்கள் தலையில் விழக்கூடாது. 'சேகரித்தல்' என்பதைக் கவனிக்க வேண்டும். காட்டோரங்களிலும் ஆற்றோர மரங்களிலும் தானாகப் படர்ந்த கொடியிலிருந்து பறித்துவந்ததாகவே தோன்றுகின்றது. ஹல்லர்தாவில் 736-ஆம் ஆண்டிலேயே ஹாப் தோட்டம் இருந்ததாக உள்ளூரார் பெருமையுடன் கூறுவர். அதற்கு அக்காலத்து ஆவணம் சான்றாக இல்லை. கோர்பி மடத்து ஏடு அப்படியன்று.

வாயிற்காவலருக்கு எதற்குப் பத்தில் ஒரு பங்கு? புனித ஆசீர்வாதப்பரின் ஒழுங்குநூலை அறிந்தவர்களுக்கு இது புதிராக இராது. அதன் 66-ஆம் அதிகாரம், மடத்து வாயிலில் விவேகமுள்ள முதியவர் ஒருவரை அமர்த்தச் சொல்கின்றது. எவர் தட்டினாலும், ஏழை ஒருவர் குரல் கொடுத்தாலும், இறைவனுக்கு நன்றி கூறிக்கொண்டே அவர் எழுந்து செல்ல வேண்டும். கோர்பியில் வழிப்போக்கரையும் ஏழைகளையும் விருந்தினரையும் பேணும் பொறுப்பு அவருடையது. அந்நாளைய பீர் பெரும்பாலும் வலுக்குறைந்தது. உணவோடு உணவாக அருந்தப்பட்டது. நல்ல தண்ணீர் கிடைக்காததால்தான் அவர்கள் பீர் குடித்தார்கள் என்று சிலர் எழுதுவது மிகையே. கிணறும் ஊற்றும் அங்கும் இருந்தன. கஞ்சி எப்படிப் பசிக்கும் தாகத்துக்கும் ஒருசேர உதவுமோ, அப்படி அவர்களுக்குப் பீர் உதவியது. ஆக, ஹாப் பீருக்குள் நுழைந்ததைப் பற்றி நமக்குக் கிடைக்கும் முதல் தெளிவான குறிப்பு, ஏழையின் பங்கைப் பற்றிய குறிப்பாகவும் அமைந்துவிட்டது. இதை முதன்முதலில் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

ஹாப் பானத்தைக் கெடாமல் காக்கும் என்பதைத் தெளிவாக எழுதிவைத்தவர்களுள் ஒருவர் பெண். அவரும் ஆசீர்வாதப்பர் சபைத் துறவி. ரைன் நதிக்கரையில் ரூபர்ட்ஸ்பர்க் மடத்தை நிறுவிய புனித ஹில்டெகார்ட் (1098–1179) 12-ஆம் நூற்றாண்டின் நடுவில் இயற்றிய மருத்துவ இயற்கை நூலில் ஹாப்புக்கு ஒரு சிறு பகுதி ஒதுக்கியுள்ளார். அவருக்கு இக்கொடியின் மீது அன்பு ஒன்றும் இல்லை. மனச்சோர்வை மிகுவிக்கும், மனிதனுக்கு அவ்வளவாகப் பயன்படாது என்கிறார். ஆயினும் அதன் கசப்பு பானங்களில் அழுகலைத் தடுத்து நெடுநாள் வைத்திருக்க உதவும் என்று ஒப்புக்கொள்கிறார். பிடிக்காத ஒன்றின் நன்மையையும் மறைக்காமல் எழுதிய நேர்மை அது. 2012-ஆம் ஆண்டு அக்டோபர் 7 அன்று திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அவரைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தபோது இந்தப் பகுதியை யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் இன்று ஹாப்பைப் பற்றி நூல் எழுதுவோர் அவரை விட்டுவிட்டு எழுதுவதில்லை.

இதுவரை பெருமை. இனி மற்றது.

ஹாப் பரவுவதற்கு முன் வட ஐரோப்பாவில் பீருக்கு மணமூட்டியது 'குரூட்' எனப்படும் மூலிகைக் கலவை. சதுப்பு நிலத்தில் வளரும் மிர்ட்டில் செடியின் இலை முக்கியமானது. வேறு மூலிகைகளும் சேரும். அக்கலவையைத் தயாரித்து விற்கும் உரிமையைப் பேரரசர்கள் தாங்கள் விரும்பியவர்களுக்கு வழங்கினர். பெற்றவர்களுள் ஆயர்கள் முன்னிற்கின்றனர். 974-இல் இரண்டாம் ஓட்டோ பேரரசர் ஃபோஸ் என்ற ஊரில் அவ்வுரிமையை லியேஜ் ஆயருக்கு அளித்தார். 999-இல் மூன்றாம் ஓட்டோ, பொம்மெல் என்ற ஊரின் உரிமையை உட்ரெக்ட் ஆயருக்கு அளித்தார். பீர் காய்ச்சும் எவரும் அவ்வூரில் குரூட்டை ஆயரின் குரூட் இல்லத்திலிருந்தே வாங்க வேண்டும். கலவையில் என்ன இருக்கிறது என்பதும் காய்ச்சுவோருக்குச் சொல்லப்படுவதில்லை. பெயர்தான் மூலிகை; உண்மையில் அது வரி.

இந்த ஏற்பாட்டுக்கு ஹாப் நேர் எதிரி. வேலியில் படர்ந்திருக்கும் கொடியை யார் வேண்டுமானாலும் பறிக்கலாம். அதற்குள் இரகசியம் எதுவும் கிடையாது. வட ஜெர்மனியின் பிரேமன், ஹாம்பர்க் துறைமுக நகரங்கள் 13, 14-ஆம் நூற்றாண்டுகளில் ஹாப் பீரைக் கப்பலேற்றி நெதர்லாந்துப் பகுதிகளுக்கு அனுப்பத் தொடங்கின. கெடாமல் போய்ச் சேர்ந்ததால் அது விற்றது. 1376-இல் ஹாம்பர்க்கில் 450-க்கும் மேற்பட்ட பீர் காய்ச்சுவோர் இருந்தனர். குரூட் வருமானம் சரியத் தொடங்கிற்று. 1381-இல் கொலோன் பேராயர் ஃபிரெட்ரிக் ஓர் ஆணை பிறப்பித்தார்: குருக்களும் படையினரும் பொதுமக்களும், பீர் காய்ச்ச விரும்பும் எவராயினும், பேராயரின் குரூட் இல்லங்களிலேயே மூலிகை வாங்க வேண்டும், வெஸ்ட்ஃபாலியாவிலிருந்து ஹாப் பீரைக் கொண்டுவருவோர் தண்டிக்கப்படுவர். ஹாப்பில் தீங்கு கண்டு தடுத்ததாகத் தோன்றவில்லை. கருவூலத்துக்கு வந்த குறையைத்தான் அவர் தடுக்கப் பார்த்தார். கோர்பியின் வாயிற்காவலர் ஏழைக்காக ஹாப் தேடி அலைந்து ஏறத்தாழ ஐந்தரை நூற்றாண்டுகளுக்குப் பின், ஒரு பேராயர் அதே ஹாப்பைத் தம் வாயிலில் நிறுத்தித் திருப்பி அனுப்புகின்றார். இருவருமே நம்மவர்கள்.

ஆணைகளால் கொடியை நிறுத்த முடியவில்லை. 1516-ஆம் ஆண்டு ஏப்ரல் 23 அன்று இங்கோல்ஸ்டாட் நகரில் பவேரியக் கோமகன்கள் நான்காம் வில்ஹெல்மும் பத்தாம் லுட்விக்கும் வெளியிட்ட சட்டம், பீரில் வாற்கோதுமை, ஹாப், தண்ணீர் தவிர வேறெதுவும் சேரக்கூடாது என்றது. நொதிக்கச் செய்யும் ஈஸ்ட் அப்பட்டியலில் இல்லை; அதன் இயல்பை அன்று எவரும் அறிந்திருக்கவில்லை. அச்சட்டத்தைத் தூய்மைச் சட்டம் என்று இன்று கொண்டாடுகின்றனர். அதன் பெரும்பகுதி விலைக் கட்டுப்பாட்டைப் பற்றியது என்பதைச் சொல்வோர் குறைவு.

ஹாப் வென்றது. யார் தோற்றார்கள்? ஆயர்கள் வருமானத்தில் ஒரு பகுதியை இழந்தார்கள். வேறு வருமானம் அவர்களுக்கு இருந்தது. உண்மையில் தோற்றவர்களைக் காண இங்கிலாந்துக்குச் செல்ல வேண்டும்.

அந்நாட்டில் ஹாப் சேராத பானத்தை 'ஏல்' என்பர். நம் சங்க இலக்கியம் வீட்டில் சமைத்த நெல்லரிசிக் கள்ளைத் 'தோப்பி' என்கிறது. ஏலும் அது போன்ற வீட்டுப் பொருளே. சில நாள்களில் புளித்துவிடும். ஆகையால் அடிக்கடி காய்ச்ச வேண்டும். சிறிதளவே காய்ச்ச வேண்டும். மிஞ்சியதை அண்டை வீட்டாருக்கு விற்றுவிட வேண்டும். ரொட்டி சுடுவது போல இது பெண்களின் வேலையாக இருந்தது. ஓர் அண்டாவும் சில பானைகளும் இருந்தால் போதும். மனைவியரும் கைம்பெண்களும் மணமாகாதவர்களும் இதில் நாலு காசு பார்த்தார்கள். கிராம நீதிமன்றப் பதிவேடுகளில் ஏல் விற்ற பெண்களின் பெயர்கள் அபராதக் கணக்கோடு வரிசை வரிசையாக இருக்கின்றன. ஜூடித் பென்னட் என்ற வரலாற்றறிஞர் அப்பதிவேடுகளை ஆராய்ந்து 1996-இல் வெளியிட்ட நூல், 1300-க்கும் 1600-க்கும் இடையில் அத்தொழில் பெண்கள் கையிலிருந்து நழுவிய வரலாற்றை விரித்துரைக்கின்றது.

நழுவியதற்குப் பல காரணங்கள். அவற்றுள் ஒன்று ஹாப். 1400-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நெதர்லாந்துப் பகுதிகளிலிருந்து ஹாப் பீர் இங்கிலாந்துக்கு வரத் தொடங்கியது. பின்னர் அதைக் காய்ச்சும் ஆள்களும் வந்தனர். உள்ளூரார் அவர்களை வெறுத்தனர். 1436-இல் மன்னர் ஆறாம் ஹென்றியின் ஆட்சி, பீர் நலமான பானமே என்று இலண்டனில் பறைசாற்ற வேண்டியிருந்தது. ஆனால் கணக்கு பீரின் பக்கம் இருந்தது. ரெஜினால்டு ஸ்காட் என்ற கென்ட் பகுதி நிலக்கிழார் 1574-இல் ஹாப் பயிரிடுவது பற்றி ஆங்கிலத்தின் முதல் கையேட்டை எழுதினார். ஒரு புஷல் முளைதானியத்திலிருந்து சுமாரான ஏல் எட்டு, ஒன்பது காலன்தான் கிடைக்கும். ஹாப் சேர்த்தால் நல்ல பீர் 18, 20 காலன் வரும் என்று அவர் காட்டினார். கசப்பே காவலாக நின்றதால் பானத்தின் வலுவைக் குறைத்தும் கெடாமல் வைக்க முடிந்தது. கெடாத பொருளைப் பெருமளவில் காய்ச்சலாம், பீப்பாயில் அடைக்கலாம், தொலைவுக்கு அனுப்பலாம். அதற்குப் பெரிய அண்டா வேண்டும், கடன் வேண்டும், கூலியாள்கள் வேண்டும், சங்க உறுப்புரிமை வேண்டும். கைம்பெண்ணுக்கு யார் கடன் கொடுப்பார்கள்? ஒரு பானை ஏல், தெருமுனைக்குள் தன் ஆயுளை முடித்துக்கொள்ளும். அந்தக் குறையே அவளுக்கு இடம் தந்திருந்தது. குறை நீங்கியதும் இடமும் போயிற்று.

இதே ஸ்காட் 1584-இல் மற்றொரு நூல் எழுதினார். சூனியக்காரிகள் என்று குற்றஞ்சாட்டப்பட்டு அவதியுற்றவர்களுள் பலர் ஏழை முதியவளேயன்றி வேறல்லர் என்று வாதாடும் நூல் அது. ஏல் விற்ற பெண்களைத்தான் சூனியக்காரிகளாக்கினார்கள் என்று இப்போது சிலர் கதை கட்டுகின்றனர். அதற்குத் தக்க சான்று கிடையாது. ஆனால் ஹாப்பின் இலாபக் கணக்கைப் போட்ட அதே கை, ஆதரவற்ற பெண்களுக்காகவும் எழுதியது என்பதை எண்ணும்போது எனக்கு அந்த மனிதர்மீது ஒரு மதிப்பு உண்டாகின்றது.

பீர் காத்திருக்கக் கற்றுக்கொண்டது, பூ கற்றுக்கொள்ளவில்லை. பறித்த ஹாப்பில் ஏறத்தாழ எண்பது விழுக்காடு நீர். சாக்கில் திணித்து வைத்தால் தானாகவே சூடேறி அழுகத் தொடங்கும். எனவே பறித்த நாளிலேயே சூளையிலிட்டு, பத்து விழுக்காட்டு ஈரம் மிஞ்சும்வரை உலர்த்த வேண்டும். ஐந்து கிலோ பச்சைப் பூ, ஒரு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட உலர் பூவாகும். கென்ட் பகுதியில் இன்றும் நிற்கும் கூம்பு வடிவக் கூரை கொண்ட கட்டடங்கள் அத்தகைய சூளைகளே. ஆண்டில் மூன்று நான்கு வாரங்களுக்குள் எல்லாப் பூவையும் பறித்தாக வேண்டியிருந்ததால், செப்டம்பர் தோறும் இலண்டனின் ஏழைக் குடும்பங்களும், அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்களும், நாடோடிகளும் ஆயிரக்கணக்கில் கென்ட்டுக்கு வந்தனர். குழந்தை குட்டிகளோடு கொட்டகைகளிலும் கூடாரங்களிலும் தங்கினர். 1849 செப்டம்பரில் கிழக்கு ஃபார்லி கிராமத்தில் காலரா பரவியபோது ஹாப் பறிக்க வந்தவர்களில் 43 பேர் இறந்தனர். 1853-ஆம் ஆண்டு அக்டோபர் 20 அன்று மாலை, வேலை முடிந்து திரும்பிய வண்டி ஒன்று, மெட்வே ஆறு பெருகியிருந்த நிலையில் ஹார்ட்லேக் மரப்பாலத்தின் தடுப்பை உடைத்துக்கொண்டு கவிழ்ந்தது. முப்பது பேர் மூழ்கினர். அவர்களுள் அயர்லாந்துக்காரர்களும் நாடோடிகளும் இருந்தனர். ஹாட்லோ ஊர்க் கோயில் கல்லறைத் தோட்டத்தில் அவர்களுக்கு எழுப்பிய நினைவுச்சின்னம் ஹாப் சூளையின் வடிவிலேயே அமைந்துள்ளது. 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் பறிக்கும் இயந்திரங்கள் வந்த பின்னரே இந்த ஆண்டு யாத்திரை நின்றது.

உலர்ந்த பூவே உலகெங்கும் போயிற்று. பச்சைப் பூவின் மணத்தை அறிந்தவர்கள் தோட்டத்தில் வாழ்ந்தவர்கள் மட்டுமே. வீட்டில் பீர் காய்ச்சுவதும் பல நாடுகளில் உரிமமும் வரியும் சூழ்ந்த செயலாயிற்று. பிரிட்டன் 1963-இல்தான் அந்த உரிமத் தேவையை நீக்கியது. அமெரிக்காவில் 1933-இல் மதுவிலக்கு முடிவுக்கு வந்தபோதும் வீட்டுப் பீருக்கு விடுதலை கிட்டவில்லை. 1978 அக்டோபரில் குடியரசுத் தலைவர் கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டமே அதைத் தந்தது. ஜெர்மனியில் சொந்தத் தேவைக்கு ஆண்டுக்கு 200 லிட்டர்வரை வரியில்லை என்றிருந்த வரம்பை 2024 முதல் 500 லிட்டராக உயர்த்தியுள்ளனர். இந்தத் தளர்வுகளுக்குப் பின் பலர் தோட்டத்து மூலையில் ஹாப் கிழங்கை ஊன்றத் தொடங்கினர். பெரிய ஆலைகளுக்கும் அந்த ஆசை வந்தது. இங்கிலாந்தின் வாட்வொர்த் நிறுவனம் 1992-இலும், கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா நிறுவனம் 1996-இலும் உலர்த்தாத ஹாப்பைக் கொண்டு பருவகாலப் பீர் காய்ச்சின. தோட்டத்திலிருந்து ஆலைக்கு ஒரே நாளில் வண்டி ஓட வேண்டியிருந்தது.

பவேரியக் கோயிற்பிள்ளைக்கு வண்டி தேவைப்படவில்லை. சுவருக்கும் அண்டாவுக்கும் இடையே நூறடி தூரம். அன்று பிற்பகல் அவர் செய்த ஒவ்வொன்றுக்கும் எனக்குக் காரணம் சொன்னார். சாறு கொதிக்கத் தொடங்கியதும் அவர் போட்டது கடையில் வாங்கிய உலர் ஹாப். ஏன் என்றேன். கடைப் பொட்டலத்தின் மேல் கசப்பின் அளவு அச்சிடப்பட்டிருக்கிறது. தம் சுவரில் காய்த்ததற்கு அப்படி ஓர் அளவு கிடையாது, ஆண்டுக்கு ஆண்டு மாறும். காக்கும் வேலையைத் தெரிந்த பொருளிடம் கொடுத்துவிட்டு, மணத்துக்கு மட்டும் தம் கொடியை நம்புகிறார். கொதி முடியப் பத்து நிமிடம் இருக்கையில் கூடையிலிருந்து பாதியும், அடுப்பை அணைத்ததும் மீதியுமாகப் பச்சைக் கூம்புகளைப் போட்டார். உலர்ந்ததாக இருந்தால் 60 கிராம் போட வேண்டிய இடத்தில் 300 கிராமுக்கு மேல் போட்டார். நீரின் எடையைக் கழித்தால் கணக்குச் சரிவரும். அதற்கு மேல் போனால் புல்லை அரைத்துக் குடித்தது போலிருக்கும் என்று எச்சரித்தார். கொட்டகை முழுவதும் எழுந்த ஆவியில் காலையில் என் விரலில் ஒட்டிய அதே மணம் இருந்தது.

துணைவியார் அப்போது ஒன்று சொன்னார். தம் சிறுவயதில், இயந்திரம் வருமுன், ஹாப் பறிக்கும் நாள்களில் அவருடைய தாய் முப்பது பேருக்குச் சமைப்பாராம். பறிப்பவர்களுக்கு மாலையில் பீர் கொடுப்பது வழக்கம். அது ஆலையிலிருந்து வந்த பீப்பாய். "அம்மாவுக்குப் பீர் காய்ச்சத் தெரியாது. பாட்டியின் அம்மாவுக்குத் தெரியும் என்பார்கள். நான் இவரிடம்தான் கற்றேன், இவர் புத்தகத்தில் கற்றார்" என்று சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை, ஜெர்மன் புரியவில்லை என்று அவர் நினைத்திருப்பார்.

திருச்சபையின் உரோமைச் சடங்கு நூலில் பீரை ஆசீர்வதிக்கும் மன்றாட்டு ஒன்று உண்டு. அண்டாவை இறக்கிய பின் அதைச் சொல்லும்படி இருவரும் கேட்டனர். எங்கள் பங்கின் கைம்பெண்கள் நினைவுக்கு வந்தார்கள். சற்றுத் தயங்கினேன். பிறகு சொன்னேன். கோர்பியின் வாயிற்காவலரைப் பற்றி அவர்களுக்குச் சொன்னது அன்றிரவுதான். அடுத்த ஞாயிறு சென்று பார்த்தபோது, மருத்துவமனையில் இருக்கும் அண்டை வீட்டுக்காரருக்கும் தபால்காரருக்கும் இரண்டு இரண்டு குப்பிகள் என்று கொட்டகைக் கதவில் சுண்ணக்கட்டியால் எழுதியிருந்தார்கள். பத்தில் ஒரு பங்கு வருகிறதா என்று நான் கணக்குப் பார்க்கவில்லை.

அந்தப் பீரை நான் சுவைக்கவில்லை. நொதித்துத் தெளிய ஐந்தாறு வாரங்களாகும். செப்டம்பர் முதல் வாரத்தில் நான் விமானம் ஏறிவிட்டேன். அண்டாவுக்குப் போக மிஞ்சிய கூம்புகளைப் பரண்மீது காகிதத்தில் பரப்பி உலர்த்தியிருந்தார்கள்; அவற்றில் ஒரு பிடியைத் துணிப்பையில் கட்டி எனக்குத் தந்தார்கள். அது இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஹாப் பழையதாகிவிட்டால் பாலாடைக்கட்டி நாற்றம் வீசும் என்பது அறிவியல். சென்ற மாதம் அறையைப் பெருக்க வந்த சமையற்கார அம்மா, "என்ன சாமி, எலி கிலி செத்துக் கிடக்கா?" என்று கேட்டுக்கொண்டே அந்தப் பையை இரு விரலால் தூக்கிச் சன்னலுக்கு வெளியே நீட்டியபோது, நல்லவேளையாக நான் அறைக்குள் நுழைந்தேன்.